கத்தி வைத்தால் கால் போய்விடுமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை. பல வருடமாகச் சுகர். கால் கட்டைவிரலுக்கு அடியில் புண் வந்து, மூன்று வாரமாக ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது பாதம் வீங்கி நாற்றம் வருகிறது, வலி இல்லை. ஆபரேஷன் இல்லாமல் ஊசியிலேயே ஆற்ற முடியாதா? கத்தி வைத்தால் காலே போய்விடும் என்று பயப்படுகிறார்.

பதில்: அப்பாவை இன்றைக்கே கீழே சேலத்துக்கு அழைத்து வாருங்கள். காய்ச்சலோ நடுக்கமோ இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். வலி இல்லாததை நம்ப வேண்டாம். சர்க்கரையால் நரம்பு மரத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இவ்வளவு வீக்கமும் நாற்றமும் இருந்தால் உள்ளே சீழும் செத்த சதையும் இருக்கும். மருந்து ரத்தத்தோடுதான் போகிறது. செத்த சதைக்கு ரத்த ஓட்டமே கிடையாது. எவ்வளவு விலை உயர்ந்த ஊசியும் அங்கே போய்ச் சேராது. கீறிச் சீழை எடுத்து, கெட்ட சதையை நீக்கிய பிறகுதான் மருந்து வேலை செய்யும். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தவர்களில் பலர், மாத்திரையை மாற்றி மாற்றிச் சாப்பிட்டு நாள் கடத்தியவர்கள்.

கிருமி சதையோடு நின்றிருந்தால் ஒன்றிரண்டு வார மருந்து போதும். எலும்பைத் தொட்டு, அந்த எலும்பை எடுக்காமல் விட்டால் ஆறு வாரம் வரை ஆகும். எந்த மருந்து என்று தெரிய, ஆழத்திலிருந்து துளி சதை எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்ப வேண்டும். மேலே பஞ்சால் துடைத்து அனுப்பினால் தோலில் இருக்கும் கிருமிதான் தெரியும். இன்னும் பல இடங்களில் பஞ்சுதான்! சுகர் பார்க்க வருகிறவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்கக்கூட ஆளில்லை. எத்தனை வருடம் சொல்வது?

ஒரே ஒரு விஷயத்தில் அவசரம் கூடாது. விரல் கறுத்து, சீழோ ஈரமோ வீக்கமோ இல்லாமல் காய்ந்திருந்தால், முதலில் டாப்ளர் ஸ்கேனில் காலின் ரத்த ஓட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டம் இல்லாத காலில் விரலை எடுத்தால் அந்த வெட்டும் ஆறாது; அடுத்து பாதம், அப்புறம் கால் என்று மேலே ஏறும். அடைப்பை நீக்கிவிட்டுத்தான் கத்தி. அதே விரல் ஈரமாகி நாறினால் இந்தக் கணக்கு பொருந்தாது, உடனே திறக்க வேண்டும். உங்கள் அப்பாவுடையது இந்த இரண்டாவது வகை.

இனி இடைத்தரகர்கள். ஆஸ்பத்திரி வாசலில், ஆம்புலன்ஸில், "நல்ல இடம் தெரியும்" என்று ஒருவர் வருவார். அவருக்குக் கமிஷன் உண்டு, அது உங்கள் பில்லில்தான் ஏறும். நேராக சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். தனியார்தான் வேண்டுமென்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த இடமா என்று கேளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். அட்டை வாங்கித் தருகிறேன் என்பவருக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

பழைய சீட்டுகள், மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். வரும் வழியில் அந்தக் காலை ஊன்றி நடக்க விடாதீர்கள்.