விறகு ஸ்டவ் வைத்த வீட்டில் புகை: மூணாறு பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

மார்கழி பிறந்துவிட்டால் மூணாறு, தேவிகுளம், வட்டவடை பக்கம் விறகு ஸ்டவ் வைக்கும் வீடுகள் கூடிவிடுகின்றன. இரும்பு உடல், கண்ணாடிக் கதவு, தலையில் புகைக்குழாய், அந்த வகை. வைத்த சில நாளிலேயே புகை வீட்டுக்குள் வருகிறது என்று கேள்வியும் வந்துவிடும். இந்தப் பக்கத்தில் சிம்னி போடும் வேலை செய்பவன் நான். என்னிடம் கேட்டவர்களுக்கு இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புகை சூடாக இருக்கும்வரை தானே மேலே ஏறும். வழியில் ஆறினால் தயங்கும், ரொம்ப ஆறினால் இறங்கிவிடும். ஸ்டவ்வைக் குறை சொல்வதற்கு முன் குழாயையும் காற்றையும் விறகையும் பாருங்கள்.

சூரியநெல்லி: அண்ணா, புது ஸ்டவ்வை நேற்றுதான் முதல்முறை பற்றவைத்தோம். வீடு முழுக்க ஒரே நாற்றம், கண் எரிச்சல். திருப்பிக் கொடுத்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள் அக்கா. ஸ்டவ்வின் மேல் அடித்திருக்கும் சூடு தாங்கும் பெயின்ட் முதல் சில தீயில்தான் வெந்து இறுகும். அப்போது பெயின்ட் நாற்றமும் மெல்லிய புகையும் ஸ்டவ்வின் உடம்பிலிருந்தே கிளம்பும். ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவைத்து, முதலில் சின்னத் தீ, அடுத்த முறை கொஞ்சம் பெரிது என்று ஏற்றுங்கள். அதுவரை குழந்தைகள் அந்த அறையில் இருக்க வேண்டாம். சில முறை எரித்தபிறகும் வந்தாலோ, கதவு இடுக்கிலிருந்தோ குழாய் இணைப்பிலிருந்தோ வந்தாலோ அது வேறு கதை. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி இணைப்பு ஒவ்வொன்றின் அருகேயும் காட்டிப் பாருங்கள். ஸ்டவ் நன்றாக இழுத்து எரியும்போது, இடுக்கு இருந்தால் ஊதுபத்திப் புகை அதற்குள் உறிஞ்சப்படும்.

வட்டவடை: விடியற்காலையில் பற்றவைத்தால் முதல் பத்து நிமிஷம் புகை முழுக்க அறைக்குள்தான். அப்புறம் சரியாகிவிடுகிறது. சாயங்காலம் இந்தத் தொந்தரவே இல்லை.

இராத்திரி முழுக்கக் குளிர்ந்த காற்று குழாய்க்குள் நின்றுகொண்டிருக்கிறது. குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம். உங்கள் சின்னத் தீயால் அதைத் தள்ள முடியவில்லை. போதாததற்கு, உங்கள் ஊர் மாதிரிப் பள்ளத்தாக்கில் பனிக்காலத்து விடியலில் குளிர்ந்த காற்று கீழேயும் சூடான காற்று மேலேயும் அடுக்காக நிற்கும். ஊர்ப் புகையே மேலே போகாமல் தோட்டத்தின் மேல் படுத்துக்கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

விறகை அடுக்கும் முன் ஒரு செய்தித்தாளைத் தளர்வாகச் சுருட்டி, ஸ்டவ்வுக்குள் புகை வெளியேறும் வழியை ஒட்டிப் பிடித்து எரியுங்கள். குழாய் 'கும்' என்று இழுக்கத் தொடங்கும், காதுக்கே தெரியும். அப்புறம் பெரிய கட்டை அடியில், அதன்மேல் சின்னக் கட்டை, உச்சியில் சுள்ளி என்று வைத்து மேலிருந்து பற்றவையுங்கள். நம் வீட்டு அடுப்புப் பழக்கத்துக்கு இது தலைகீழ்தான். ஆனால் தீ உச்சியில் இருப்பதால் குழாய் சீக்கிரம் சூடாகிறது, புகையும் தீயைக் கடந்து போகும்போதே எரிந்துவிடுகிறது.

தேவிகுளம்: பட்டறையில் சொல்லி 4 இஞ்சு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் போட்டோம். ஸ்டவ்விலிருந்து கொஞ்சம் ஏறி, சுவரைத் துளைத்து வெளியே போய், கூரை இறவாரத்துக்குக் கீழே முடிகிறது. இரண்டு எல்போ (வளைவு) இருக்கிறது. புகை எப்போதும் வருகிறது. ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தினால் போதுமா தம்பி?

ஐயா, ஃபேன் வாங்க வேண்டாம். அந்தக் காசைக் குழாயில் போடுங்கள். உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் பாதி வீடுகளில் நான் பார்ப்பது இதே அமைப்புதான்.

முதலில் அளவு. ஸ்டவ்வில் குழாய் மாட்டும் வாய் 6 இஞ்சு என்றால் குழாயும் கடைசிவரை 6 இஞ்சு இருக்க வேண்டும். 4 இஞ்சுக் குழாயின் பரப்பு 6 இஞ்சில் பாதிகூட வராது. மீதிப் புகை எங்கே போகும்? கதவு வழியாக உங்களிடம்தான் வரும்.

அடுத்து உயரம். ஸ்டவ்வின் தலையிலிருந்து குழாய் உச்சிவரை குறைந்தது 15 அடி வேண்டும். இழுவை பிறப்பதே குழாயின் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் வெளிக் குளிருக்கும் உள்ள வித்தியாசத்திலும் இந்த உயரத்திலும்தான். இறவாரத்துக்குக் கீழே முடித்தால் உயரமும் இல்லை, சுவரில் மோதித் திரும்பும் காற்று புகையை உள்ளே தள்ளவும் செய்யும். பலகை சீலிங் உள்ள வீடு என்றால் தீப்பிடிக்கும் பயமும் இருக்கிறது. கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர்ந்து நிற்க வேண்டும். சுற்றி 10 அடிக்குள் இருக்கும் முகடோ சுவரோ எதுவானாலும் அதைவிட 2 அடி உயரம் வேண்டும்.

கிடையாகப் போகும் துண்டில்தான் புகை ஆறும், கரி படியும். சுவர் வழியே போயே தீர வேண்டும் என்றால் கிடைத் துண்டு அரை அடிக்கு மேல் வேண்டாம். 90 டிகிரி எல்போவுக்குப் பதில் 45 டிகிரி வளைவு போடுங்கள், அதுவும் இரண்டுக்கு மேல் வேண்டாம். உங்கள் வீடு ஒற்றை மாடிதானே, நேராகக் கூரை வழியாக ஏற்றிவிடுவதே நல்லது.

ஜி.ஐ. பற்றியும் சொல்ல வேண்டும். அதன் மேலிருப்பது துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் சுமார் 419 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பெருந்தீ எரியும்போது ஸ்டவ்வை ஒட்டிய குழாய் அந்தச் சூட்டை நெருங்கலாம். பூச்சு கெட்டுப்போனால் தகடு துருவேறி ஓட்டை விழும், சூட்டில் பூச்சிலிருந்து கிளம்பும் ஆவியை முகர்வதும் உடம்புக்கு நல்லதல்ல. அறைக்குள் கனமான எம்.எஸ். (பூச்சில்லாத சாதா இரும்பு) குழாயோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடுங்கள். வீட்டுக்கு வெளியே போகும் பகுதிக்கு நடுவில் ராக் வூல் (சூடு தாங்கும் கல் பஞ்சு) வைத்த இரட்டைச் சுவர்க் குழாய்தான் சரி. ஒற்றைத் தகடு மூணாறு குளிரில் புகையை உடனே ஆற்றிவிடும். அறைக்குள் ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மரச்சட்டம், பலகைக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள்.

இணைப்பு பொருத்தும்போது பட்டறைக்காரர் பக்கத்தில் நின்று ஒன்றைப் பாருங்கள். மேல் குழாயின் ஒடுங்கிய முனை கீழ்க் குழாய்க்குள் இறங்கியிருக்க வேண்டும். மழை ஒழுகாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துப் பலர் இதைத் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் குழாய்க்குள் வழியும் கறுப்புத் தார் இணைப்பு வழியாக வெளியே கசிந்து, சுவரில் கோடு கோடாக இறங்கும். ஒருமுறை பட்டால் சுண்ணாம்பு அடித்தாலும் அந்தக் கறை மறையாது.

போடிமெட்டு: காற்றடிக்கும் நாளில் மட்டும் குபீர் குபீர் என்று புகை வருகிறது.

மேட்டிலிருந்து காற்று இறங்கி உங்கள் கூரை மேல் விழுகிறது. போடிமெட்டு, ராமக்கல்மேடு மாதிரி விளிம்பு ஊர்களில் இது சகஜம். ராமக்கல்மேட்டில் காற்றாலை வைக்கும் அளவுக்குக் காற்று உண்டு. எந்தத் திசைக் காற்றில் வருகிறது என்று சில நாள் குறித்துவையுங்கள். மேலே சொன்ன உயரக் கணக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். உயரம் சரியாக இருந்தும் வந்தால், கீழ்நோக்கி வரும் காற்றைத் தடுக்கும் தொப்பியைக் குழாய் உச்சியில் மாட்டலாம். உயரம் குறைவான குழாய்க்குத் தொப்பி மட்டும் வாங்கினால் காசு வீண்.

மூணாறு டவுன்: எரியும்போது ஒன்றுமில்லை. விறகு போடக் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கிறது.

சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா? அதை நிறுத்திவிட்டு, ஸ்டவ் இருக்கும் அறையின் ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து பாருங்கள். புகை நின்றுவிட்டால், வீட்டுக்குள் காற்று வரவே வழியில்லை என்று பொருள். அலுமினிய ஜன்னல் போட்டு இடுக்கெல்லாம் அடைத்த புது வீடுகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். சுவரில் நிரந்தரமாக ஒரு காற்றுத்துளை விடுங்கள்.

கதவையும் சட்டென்று திறக்காதீர்கள். ஸ்டவ்வுக்குள் காற்று போகும் திறப்பை முழுக்க விட்டு, கதவை ஒரு விரல் அளவு திறந்து கொஞ்சம் பொறுத்து, பிறகு மெல்லத் திறங்கள். தீ கொழுந்துவிடும்போது வேண்டாம், தணலாக இறங்கியதும் விறகு போடுங்கள்.

கூடாரவிளை: கண்ணாடி ஒரே இராத்திரியில் கறுத்துவிடுகிறது. கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) விறகுதான், வெட்டி மூன்று மாதம் ஆகிறது அண்ணே.

மூன்று மாதம் எப்படிப் போதும் தம்பி? விறகின் ஈரம்தான் கண்ணாடியைக் கறுக்க வைக்கிறது. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். ஸ்டவ்வுக்கு அது 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். நம் ஊரில் ஜூனில் தொடங்கும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் விடுவதில்லை. அதனால் கோடையில் பிளந்து அடுக்கிய விறகை அடுத்த ஆண்டுக் குளிருக்கு எடுப்பதுதான் சரி. பிளந்து வையுங்கள், உருட்டாகக் கிடந்தால் பட்டைக்குள் ஈரம் அப்படியே நிற்கும். தரையிலிருந்து தூக்கி அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கங்களில் காற்றுப் போக விடுங்கள். தார்ப்பாயால் சுற்றிக் கட்டுவது விறகை வேகவைப்பதுதான்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு கட்டையைத் தீயில் வைத்து அதன் வெட்டுமுகத்தைக் கவனியுங்கள். 'உஸ்' என்ற சத்தத்தோடு நுரை கொப்பளித்தால் அது இன்னும் காயவில்லை. கவாத்து வெட்டிய தேயிலைக் கட்டை கிடைத்தால் விடாதீர்கள். காய்ந்தபின் கெட்டியாக நின்று எரியும்.

குண்டுமலை: பழைய பங்களாவின் கல் சிம்னிக்குள்ளேயே புது ஸ்டவ்வின் குழாயை விட்டிருக்கிறோம்.

அந்தச் சிம்னி திறந்த கணப்புக்காகக் கட்டியது. அவ்வளவு அகலத்தில் புகை ஆறிவிடும். உச்சிவரை ஸ்டெயின்லெஸ் லைனர் (சிம்னிக்குள் இறக்கும் உட்குழாய்) இறக்குங்கள். அதற்கு முன் உள்ளே குருவிக்கூடோ தேன்கூடோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

சின்னக்கானல்: காலை வரை தணல் நிற்கட்டும் என்று இராத்திரி காற்றுத் திறப்பை முழுக்க மூடிவிடுகிறோம். காலையில் வீட்டில் எல்லோருக்கும் தலைவலி.

அக்கா, இன்றைக்கே நிறுத்துங்கள். எல்லோருக்கும் ஒன்றாகத் தலைவலி, குமட்டல் என்றால் கார்பன் மோனாக்சைடு என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூக்கத்தில் இருப்பவருக்கு எழுந்து கதவைத் திறக்கக்கூடத் தெம்பு இருக்காது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமனுக்குச் சுற்றுலா போன கேரளத்தவர் எட்டுப் பேர், குழந்தைகள் உட்பட, அடைத்த அறையில் கேஸ் ஹீட்டரோடு தூங்கி இறந்தார்கள். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடுவதில் இருக்கும் ஆபத்து அது.

காற்றை அடைத்தால் விறகு எரியாமல் புகைந்துகொண்டே இருக்கும், விஷவாயுவும் தாரும் கூடும். படுக்கும் முன் தீயை நன்றாக எரியவிட்டுத் தணலாக இறக்கி, திறப்பைப் பாதியாவது விட்டுவையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி அந்த அறையில் மாட்டுங்கள். கரித்தணலைச் சட்டியில் அள்ளிப் படுக்கையறைக்குக் கொண்டுபோகும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். தலைவலி வந்தால் உடனே வெளியே வாருங்கள். வெளிக்காற்றுக்கு வந்தும் தீராவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய், வீட்டில் ஸ்டவ் எரிந்ததைச் சொல்லுங்கள்.

மாட்டுப்பெட்டி: இரண்டு வருடம் நன்றாக எரிந்த ஸ்டவ் இந்த வருடம் புகைகிறது.

அடைப்புதான். ஸ்டவ்வுக்குள் மேலே படுத்திருக்கும் தடுப்புப் பலகையை எடுத்துப் பாருங்கள், அதன் முதுகில் கரி குவிந்திருக்கும். திரும்ப வைக்கும்போது பழைய இடத்திலேயே உட்காரவேண்டும். பின்னால் தள்ளி உட்கார்ந்தால் புகை போகும் வழியே மூடிவிடும். உச்சித் தொப்பியில் பறவைக்கு வலை போட்டிருந்தால் அதன் கண்களும் தாரில் அடைத்திருக்கும். குழாய்க்குள் தூரிகை விட்டுத் தேய்த்து, விழும் கரியைப் பாருங்கள். பொடியாக விழுந்தால் கவலையில்லை. கண்ணாடிபோல் பளபளவென்று செதில் செதிலாக வந்தால் அது தார். தீப்பிடித்தால் குழாய் முழுக்க எரியும், சுத்தம் செய்து முடியும்வரை பற்றவைக்காதீர்கள். மழை முடிந்ததும் ஒருமுறை, தை கழிந்ததும் ஒருமுறை தூரிகை விடுங்கள். கதவு இடுக்கை அடைக்க விளிம்பைச் சுற்றி வைத்திருக்கும் கயிற்றையும் அப்போதே பாருங்கள்: ஒரு தாளை இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுத்தால் எளிதாக உருவி வரும் இடத்தில் கயிறு தேய்ந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள்.