ஏலக்காட்டில் குழிவிரியன்: சில கேள்விகளும் பதில்களும்

இடுக்கி மலையின் ஏல, தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்வோரும், கம்பம், போடி பக்கமிருந்து தினமும் மலையேறி வருவோரும் குழிவிரியன் என்ற நச்சுப்பாம்பு பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் ஆய்வாளன் அல்லன். ஏலத்தோட்டத்தில் நெடுங்காலம் மேற்பார்வை பார்த்தவன், பாம்புகளைப் பற்றிக் குறிப்பெழுதும் பழக்கமுள்ளவன்.

போடியிலிருந்து வேலைக்கு வரும் பெண்: காய் எடுக்கும்போது ஏலச்செடித் தூரின் பக்கத்தில் பச்சையாக ஒன்று சுருண்டு கிடந்தது. வெறும் பச்சைப்பாம்பு என்கிறார்கள் சிலர், விரியன் என்கிறார்கள் சிலர். எப்படித் தெரிந்துகொள்வது, அண்ணா?

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், அம்மா. குழிவிரியன் பச்சையாக மட்டுமன்றி மஞ்சளாகவும் பழுப்பாகவும் திட்டுத்திட்டாகவும் இருக்கும். கண்கொத்திப் பாம்பு என்று நாம் சொல்லும் பச்சைப்பாம்பு கயிறுபோல ஒல்லியாக, கூரிய மூக்குடன் இருக்கும். அதன் கண்மணி படுக்கைவாட்டில் அமைந்தது. குழிவிரியனுக்குத் தலை முக்கோணம், கழுத்து மெலிவு, உடல் தடிப்பு, கண்மணி செங்குத்துக் கீற்று. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையில் உள்ள சிறு குழியால்தான் அதற்கு இந்தப் பெயர். இருட்டில் வரும் எலியின் உடற்சூட்டை அது அந்தக் குழியால் உணர்கிறது. ஆனால் இவற்றையெல்லாம் சரிபார்க்கும் அளவுக்குக் கிட்டே போக வேண்டாம். ஆள் வந்தும் நகராமல் சுருண்டே கிடந்தால் அதைக் குழிவிரியன் என்றே கொண்டு, அந்தத் தூரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

வண்டன்மேட்டில் தோட்டம் வைத்திருப்பவர்: பக்கத்திலேயே காடு இருக்கும்போது இவை ஏன் என் தோட்டத்துக்குள் வருகின்றன?

அவை வருவதில்லை, ஐயா, அங்கேயே இருந்தவை. ஏலம், காட்டை முழுவதும் வெட்டிவிட்டு வைக்கும் பயிர் அன்று. பெருமரங்களின் நிழலையும், மட்கிய இலைச்சருகையும், ஓடையின் ஈரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு கீழ்ச்செடிகளை மட்டும் நீக்கிப் பயிரிட்டதால், குழிவிரியனுக்கு வேண்டியவற்றுள் பெரும்பகுதி தோட்டத்திலும் எஞ்சியிருக்கிறது. அதன் இரையில் தவளை முக்கியமானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகள் பலவும் குளத்தில் முட்டையிடுவதில்லை. ஈரமான இலையிலும் சருகிலும் இட்ட முட்டையிலிருந்து, தலைப்பிரட்டை நிலையே இல்லாமல், நேராகக் குட்டித் தவளை வெளிவருகிறது. ஆகவே சருகு காய்ந்தால் தவளை குறையும், தவளை குறைந்தால் பாம்பும் குறையும். இதற்கு ஒருவரும் கத்தியைத் தூக்க வேண்டியதில்லை.

இப்போது நடப்பது அதுதான் என்பது என் கருத்து. விளைச்சல் கூடும் என்று நிழல் மரங்களை அளவுக்கு மீறிக் கவாத்துச் செய்கிறோம். பூச்சிமருந்தை அடிக்கடி அடிக்கிறோம். ஓடைக்கரைப் புதரை அடியோடு செதுக்குகிறோம். 2024 கோடையில் இடுக்கியில் ஏலச்செடிகள் பெருமளவில் கருகியபோது நிழலுக்குப் பச்சை வலை வாங்கிக் கட்டியவர்களில் நானும் ஒருவன். மரத்தை வெட்டிவிட்டு வலைக்குக் காசு கொடுத்தோம் என்று அன்று என் மனைவி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. ஓடையின் இரு கரையிலும் சில அடி அகலத்துக்குப் புதரையும் சருகையும் தொடாமல் விடுங்கள். அந்தப் பட்டையில் மருந்தும் வேண்டாம்.

கம்பத்தில் படிக்கும் மாணவர்: நம் பக்கம் இருப்பது மலபார் குழிவிரியன்தானே?

நானும் நெடுநாள் அப்படித்தான் எழுதிவந்தேன், தம்பி. 2021-இல் வெளியான மரபணு ஆய்வு, பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ளவற்றை ஆனைமலைக் குழிவிரியன் என்று தனி இனமாகப் பிரித்தது. குந்தர் என்ற விலங்கியலாளர் 1864-இலேயே ஆனைமலையின் பெயரால் இதை விவரித்திருந்தார். பின்னர் வழக்கொழிந்த அந்தப் பெயரே மீண்டும் உயிர்பெற்றது. சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தத் தாழ்நிலம், குளிர்ந்த ஈரமலையில் வாழும் பிராணிக்குக் கடல் போன்றது. பாதுகாப்பு என்று வரும்போதும் இது பொருட்படுத்த வேண்டிய செய்தி: பரப்பு சுருங்கிய இனத்துக்கு ஒவ்வொரு சோலையும் கணக்கில் வரும்.

மூணாற்றிலிருந்து ஒருவர்: தேயிலைக்காட்டு மேட்டில் பெரிய செதில்களோடு பச்சையாகக் காண்பதும் அதுதானா?

இல்லை, அது பெருஞ்செதில் குழிவிரியன் வகை. தெற்கு மலைகளின் உயரமான பகுதிகளுக்கே உரியது.

குமுளியிலிருந்து ஒரு பெரியவர்: கடித்தால் வீக்கம் மட்டும்தான், பச்சிலையே போதும் என்பது சரியா?

பச்சைக் குழிவிரியன் கடித்தால் கடும் வலியும் வீக்கமும் வரும். உயிரிழப்பு மிக அரிது. அதைக் கண்டே இந்த நம்பிக்கை வளர்ந்தது, ஐயா. ஆனால் சருகில் சருகாகக் கிடக்கும் பழுப்புநிறக் குழிவிரியன் ஒன்று உண்டு. மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கியிருக்கும்; ஒன்றரை அடிக்கு மேல் வளர்வது அரிது; காப்பி, ரப்பர் தோட்டங்களிலும் இருக்கும். அதன் நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துச் சிறுநீரகத்தையும் செயலிழக்கச் செய்யக்கூடும். இதை மருத்துவர்கள் சுருட்டைவிரியன் என்று தவறாகக் கொண்ட நிகழ்வுகள், 2007-இல் கேரளத்திலிருந்து வெளியான மருத்துவக் கட்டுரையில் பதிவாகியுள்ளன. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கே தயாராவது. குழிவிரியனுக்கு அது பயன்படுவதில்லை.

ஆகவே கயிறு கட்டாமல், கீறாமல், மோதிரம், கொலுசு, வளையலைக் கழற்றிவிட்டு, கடிபட்ட உறுப்பை அசைக்காமல், டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அங்கே இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். முதல் நாள் நன்றாக இருந்தாலும் உடனே வீடு திரும்ப அவசரப்பட வேண்டாம். பாம்பை அடித்து எடுத்துச்செல்லத் தேவையில்லை. தொலைவிலிருந்து எடுத்த படம் போதும்.

தோட்ட மேலாளர் ஒருவர்: பிடித்துப் பெரியாறு காட்டுக்குள் விட்டுவிட்டால் பாம்புக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லதல்லவா?

நல்லெண்ணத்தில் கேட்கிறீர்கள் என்றாலும், எனக்கு இதில் உடன்பாடில்லை. குழிவிரியன் இரைக்காகப் பல நாட்கள் ஒரே இடத்தில் காத்துக் கிடப்பது; தன் ஓடையையும் தன் பொந்தையும் அறிந்தே பிழைப்பது. கர்நாடகத்தின் ஆகும்பேயில் ராஜநாகங்களுக்கு ரேடியோ கருவி பொருத்திப் பார்த்தபோது, இடம் மாற்றப்பட்ட பாம்பு ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் வெகுதூரம் அலைந்தது தெரியவந்தது. அத்தனை பெரிய பாம்புக்கே அந்த நிலை என்றால், இதற்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வேலையாட்கள் குடியிருக்கும் லயத்துக்குள்ளோ ஸ்டோருக்குள்ளோ பாம்பு புகுந்துவிட்டால் மட்டும், கேரள வனத்துறை 2020-இல் கொண்டுவந்த சர்ப்பா செயலி வழியாக உரிமம் பெற்றவரை அழையுங்கள். பிடித்த இடத்துக்கு அருகிலுள்ள ஓடைக்கரையிலேயே விடுமாறு அவரிடம் கேளுங்கள். செடிகளுக்கிடையே இருந்தால் அந்தத் தூரில் ஒரு துணியைக் கட்டி அடையாளமிட்டு, அடுத்த சுற்றில் காய் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேலையாட்களுக்கு முழங்கால்வரை பூட்ஸும், தூரைத் தட்டிப் பார்க்க நீளக் குச்சியும் கொடுங்கள். அந்தச் செலவை அவர்கள் கூலியில் பிடிக்காதீர்கள்.