பதினோராம் மணிக்கு வந்தவனுக்கும் ஒரு பணமா?

கேள்வி: முப்பது வருடம் பால்மரம் வெட்டியவள் நான். மத்தேயு 20இல் வரும் திராட்சத்தோட்ட உவமையில், நாள் முழுக்க உழைத்தவனுக்குக் கொடுத்த அதே முழுக்கூலியை ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் எஜமான் கொடுப்பது நியாயமாகப் படவில்லை. என் விளக்கவுரை வேதாகமம் முந்தினவர் யூதர், பிந்தினவர் புறஜாதியார் (யூதர் அல்லாதவர்) என்கிறது. சபையில், பிந்தி வந்தது சாகும் நேரத்து மனந்திரும்புதலைக் குறிக்கிறது என்கிறார்கள். இன்னும் பெரிய வேதாகமத்தைத் தவணையில் தருகிறேன் என்று ஒருவர் வீட்டுக்கு வருகிறார். வாங்கட்டுமா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம் சகோதரி. கையில் இருப்பதே போதும், படிக்கும் வரிசையை மட்டும் மாற்றுங்கள்.

முதலில் அடிக்குறிப்பை ஒரு தாளால் மறைத்துவிட்டு மத்தேயு 19:27இலிருந்து வாசியுங்கள். "எங்களுக்கு என்ன கிடைக்கும்" என்று பேதுரு கேட்கிறார். அந்தக் கேள்விக்கு இயேசு சொல்லும் பதிலில்தான் இந்த உவமை வருகிறது. நடுவில் விழுந்த அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் போட்டது, அதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

பிறகு தாளை எடுங்கள். குறிப்பில் தகவலும் கருத்தும் கலந்து கிடக்கும். காலை ஆறு தொடங்கிப் பகலை 12 மணியாகப் பிரித்தார்கள், அதனால் பதினோராம் மணி என்பது மாலை ஐந்து. 'பணம்' என்பது தெனாரியம் என்ற ரோம வெள்ளிக்காசு, ஒரு நாள் கூலி. அன்றன்றே கூலி கொடுப்பது லேவியராகமம் 19:13இன் கட்டளை. இதெல்லாம் தகவல், நம்பலாம். யூதர், புறஜாதியார் என்பது கருத்து. உவமைக்குள் அந்தச் சொற்களே இல்லை. சபையில் சொல்வதும் அதே ரகம்தான்.

உங்கள் நியாயக் கேள்விக்கு வசனமே பதில் வைத்திருக்கிறது. "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" (வசனம் 7). அவர்கள் சோம்பேறிகள் அல்ல, பெரட்டில், அதாவது காலையில் ஆள் எடுக்கும் இடத்தில், பெயர் கூப்பிடப்படாதவர்கள். முந்தினவர்களுக்குப் பேசிய கூலியில் ஒரு காசு குறையவில்லை. கடைசி ஆளுக்கு முதலில் கொடுக்க எஜமான் சொன்னதால்தான் அவனுக்கும் அதே கூலி என்பது அவர்கள் கண்ணில் பட்டது. 15ஆம் வசனத்தின் 'வன்கண்ணன்' என்பது அந்தப் பொறாமைக் கண்தான்.

மேலே உள்ள வசனத்தைவிடக் கீழே உள்ள குறிப்பை நம்ப வேண்டிய இடம் ஒன்று உண்டு. 20:16இன் முடிவில் "அழைக்கப்பட்டவர்கள் அநேகர், தெரிந்துகொள்ளப்பட்டவர்களோ சிலர்" என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. புதிய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் இல்லை. வேதத்தை வெட்டிவிட்டார்கள் என்று விற்பனைக்காரர் பயமுறுத்துவார். யாரும் வெட்டவில்லை. 4ஆம் நூற்றாண்டின் சீனாய், வத்திக்கான் என்ற பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளிலேயே அந்த வரி கிடையாது. 22:14இல் அதே சொற்கள் எல்லாப் பதிப்பிலும் பத்திரமாக இருக்கின்றன. பிரதி எடுத்தவர் யாரோ அங்கிருந்து இங்கே கொண்டுவந்திருக்க வேண்டும். "பழைய பிரதிகளில் இல்லை" என்று குறிப்பு சொன்னால் அதைத் தகவல் கணக்கில் சேருங்கள்.

தவணைக்காரர் 'மூல கிரேக்கத்தின் உண்மைப் பொருள்' என்பார். கிரேக்க எழுத்து நான்கைக்கூட அவர் வாசிக்க மாட்டார், கமிஷன் கணக்கு மட்டும் மனப்பாடம். இந்தக் கனத்த புத்தகங்கள் பலவற்றில் ஆங்கில வேதாகமத்துக்கு எழுதிய குறிப்பை மொழிபெயர்த்து, நம் பழைய தமிழ் வசனத்தின் கீழே ஒட்டியிருப்பார்கள். மேலே 'காரியக்காரன்' இருக்க, கீழே வேறொரு சொல்லுக்கு விளக்கம் ஓடும். அச்சிட்டவரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை, சபை வாசலில் விற்க அனுமதிக்கிறவர்களும் கேட்பதில்லை. அவர் மறுபடி வந்தால் மத்தேயு 20ஐத் திறக்கச் சொல்லி, குறிப்பில் தடித்த எழுத்தில் உள்ள ஐந்து சொற்களை மேலே வசனத்தில் தேடுங்கள். இரண்டு கிடைக்காவிட்டாலும் முன்பணம் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.