முதலில் அம்மாவின் பிளஸ் டூ

போன வாரம் கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். வயது 23, கோவையில் ஐ.டி. வேலை, சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. கவலை அம்மாவின் படிப்பைப் பற்றி. அம்மாவுக்கு 42. பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தவர், பதினெட்டில் கல்யாணம் ஆகிவிட்டது. இப்போது திடீரென்று படிக்கணும் என்கிறாராம்.

“பாதியில விட்டுடுவாங்களோ, ஊர் சிரிக்குமோன்னு பயமா இருக்கு சார். தாய்மாமா ஆன்லைன் பி.பி.ஏ. சேர்த்துவிடச் சொல்றார். 1,40,000 ரூபாய், மாசத் தவணையில கட்டலாமாம். பிளஸ் டூ இல்லைன்னா பரவாயில்லை, அதுக்கும் வழி இருக்குன்னு ஏஜென்ட் சொல்லிட்டாராம். அத்தையோ, பேரன் எடுக்கிற வயசுல என்ன படிப்புன்னு கேக்குறாங்க. என்ன செய்யலாம்?”

நாற்பதில் படிக்க வருகிறவர்கள் எத்தனையோ பேர், தைரியமாக இருங்கள் என்று எழுதி முடித்திருக்கலாம். அப்படி எழுதினால் தெம்பாகப் போய் முதல் தவணையைக் கட்டிவிடுவீர்கள் தம்பி. கட்டாதீர்கள்.

உங்கள் கல்விக்கடனே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதன் தலையில் இன்னொரு கடன். அம்மா இரண்டாம் மாதம் திணறினால்கூடத் தவணை நிற்காது. “உனக்காக மாசாமாசம் கட்டுறேன்மா” என்று நீங்கள் ஒரு தடவை வாய்தவறிச் சொன்னால் போதும், அவர் புத்தகத்தைத் தொடமாட்டார். தாய்மாமாவுக்கு அக்கா மேல் பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவர் பார்ப்பது கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் போடும் மூன்று எழுத்தை. வீட்டில் அடுத்த கல்யாணம் உங்களுடையதுதானே!

ஏஜென்ட் சொன்ன அந்த “வழி” இருக்கிறதே, அதில் நான் கறாராக இருக்கிறேன். காரணம், அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. இருபது வருடத்துக்கு முன்னால் பத்தாவதோடு நின்ற ஓர் அண்ணனை, பிளஸ் டூ எதற்கு, பதினெட்டு வயது முடிந்தால் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரே பட்டம் வாங்கலாமே என்று நானே அனுப்பிவைத்தேன். அவரும் ஐந்து வருடம் பாடுபட்டு வாங்கினார். பிறகு ஓர் அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு வரை போனவரை, இடையில் பிளஸ் டூ எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றம், இளநிலைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலையில் நேரடியாக வாங்கிய எம்.ஏ. அரசுப் பதவிக்குச் செல்லாது என்று தீர்ப்பு சொன்னது. அதே ஆண்டு தமிழக அரசும் பத்தாவது, பிளஸ் டூ, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் அரசுப் பணிக்கு ஏற்போம் என்று ஆணை போட்டது. அந்த அண்ணன் இன்றைக்கும் எதிரில் பார்த்தால் நின்று பேசுவார். நான்தான் வேறு பக்கம் பார்ப்பேன்.

உங்கள் கடிதத்தில் அம்மா என்ன படிக்க ஆசைப்படுகிறார் என்று ஒரு வரிகூட இல்லை. அதனால் அவரிடமே போனில் பேசினேன். முதல் பத்து நிமிடம் “பையன் என்ன சொல்றானோ அதுங்க” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நாள் முழுக்க என்ன வேலை என்று பேச்சை மாற்றியதும்தான் விஷயம் வந்தது. ஒன்பது வருடமாக மகளிர் சுயஉதவிக்குழுவில் ஊக்குநர். பதினான்கு பேருடைய சேமிப்பு, உள்கடன், வட்டி, வங்கிக் கடன் தவணை எல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருக்கிறது. “எனக்கு அக்கவுண்டன்சின்னா என்னன்னு தெரியாதுங்க. ஆனா குழு நோட்டு ஒரு பைசா பிசகாதுங்க” என்றார். குழுக்களின் கூட்டமைப்பில் கணக்கு எழுத ஆள் எடுத்தபோது பத்தாவதோடு நின்றவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அன்றைக்கு ராத்திரிதான் படிக்கணும் என்று முடிவெடுத்திருக்கிறார். இது உங்களுக்குத் தெரியுமா தம்பி?

அப்படியானால் கேள்வி பி.பி.ஏ.வா பி.ஏ.வா என்பதே இல்லை. நடுவில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது, அதைக் கட்ட வேண்டும். தனித்தேர்வராக, நம் மாநிலப் பாடத்திட்டத்தில், பிளஸ் டூ. பள்ளியில் சேர வேண்டாம், சீருடையும் வேண்டாம். இவ்வளவு பேர் திறந்தநிலை, ஆன்லைன் என்று அலைகிறார்கள், தொலைவிலிருந்து படிக்கும் வழிகளில் பழையதும் மலிவானதுமான இதைச் சொல்ல ஆளில்லை. கமிஷன் இல்லாத சரக்கை யார் விற்பார்கள்?

பிளஸ் டூ சான்று தரும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி (என்.ஐ.ஓ.எஸ்.) இருக்கிறதே என்று கேட்பீர்கள். 1989-லிருந்து நடக்கிற நல்ல நிறுவனம், வெளிமாநிலம் போகிறவர்களை நானே அங்கே அனுப்புகிறேன். ஆனால் தமிழக அரசு வேலைக்கு அந்தச் சான்று இணையா என்பதில் சிக்கல் எழுந்திருக்கிறது. நம் ஊரிலேயே இருக்கப்போகிறவருக்கு நம் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் சான்று கையில் இருந்தால், இணையா இல்லையா என்று யாரும் கேட்க முடியாது.

ஆறு பாடம், ஒவ்வொன்றுக்கும் நூறு, மொத்தம் 600. பாடத்துக்கு 35 எடுத்தால் தேர்ச்சி. நேரடியாக எழுத வரும் தனித்தேர்வர்கள் செய்முறைத் தேர்வு இல்லாத பாடங்களைத்தான் எடுக்க முடியும். அதனால் இயற்பியல், வேதியியல் பக்கம் போக வேண்டியதில்லை. கணினி சேர்ந்த வணிகவியல் குரூப்பும் வேண்டாம். தமிழ், ஆங்கிலம், வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், வரலாறு. அம்மாவுக்கு என் சிபாரிசு இதுதான்.

கணக்குப்பதிவியலை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், பிளஸ் டூ புத்தகத்தைத் திறந்து பாருங்கள். முதல் பாடமே முழுமை பெறாத பதிவேடுகளிலிருந்து கணக்கு எடுப்பது. நோட்டில் பாதி இருக்கும் பாதி இருக்காது, அதிலிருந்து லாபம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாம் பாடம் இலாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்கு, அதில் பெறுதல்கள் ஒரு பக்கம், செலுத்தல்கள் ஒரு பக்கம். சந்தா வந்தது, வாடகை போனது, கையிருப்பு இவ்வளவு. உங்கள் அம்மா ஒன்பது வருடமாக வாராவாரம் எழுதுவது இதையேதான், பெயர்தான் வேறு. போனிலேயே அந்தப் பாடத்திலிருந்து ஒரு சின்னக் கணக்கு படித்துக் காட்டினேன். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு, “போன வருசத்துச் சந்தாவை இந்த வருச வரவுல எப்படீங்க சேர்க்குறது?” என்று கேட்டார். வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் பதினேழு வயதுப் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடமே அதுதான். கூட்டாண்மைப் பாடங்கள் வரும்போது சிரமப்படுவார், அது அப்போது பார்த்துக்கொள்ளலாம். ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ளூரில் ஒரு டியூஷன் வைத்துவிடுங்கள். இந்த ஏற்பாட்டில் உருப்படியாகப் பணம் செலவாகிற இடம் அது ஒன்றுதான். பாடப்புத்தகங்கள் அரசு இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் அச்சுப் புத்தகமே வாங்கிக் கொடுங்கள். செல்போனில் படிக்கச் சொன்னால் நடுவில் குழுவின் வாட்ஸ்அப் வந்து நிற்கும்.

விண்ணப்பத்தை அரசுத் தேர்வுத் துறை சேவை மையத்தில் போட வேண்டும், உங்கள் பகுதிக்கு எந்தப் பள்ளி என்று அறிவிப்பில் இருக்கும். பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26 கல்வியாண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். முதல் வருடம் பிளஸ் ஒன், அடுத்த வருடம் பிளஸ் டூ என்று சொல்லும் பழைய வீடியோக்களை நம்பாமல், நேரடித் தனித்தேர்வருக்கு இப்போது என்ன வரிசை என்பதை மையத்தில் கேட்டு, அறிவிப்பின் நகலையும் வாங்கி வாருங்கள். கடைசித் தேதியை விட்டுவிட்டுத் தக்கலில் கூடுதல் பணம் கட்டுவது வெறும் தண்டம்.

பிளஸ் டூ வந்தால் இன்னொரு கதவும் திறக்கிறது. பெரும்பாலான குரூப் 4 பணிகளுக்குப் பத்தாவதுதான் அடிப்படைத் தகுதி. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் வகுப்பினர் அதற்கு மேல் படித்திருந்தால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வயது உச்சவரம்பு விலகிவிடுகிறது. அம்மா கேட்கவில்லை என்பதால் இதை அவரிடம் சொல்லவில்லை, நீங்களும் இப்போது சொல்ல வேண்டாம். இன்னொரு பாரம் ஏறும்.

பட்டம் அதற்கு அப்புறம், அதுவும் அவரே கேட்டால். 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்வழியில் படிக்கலாம். 1985-லிருந்து நடக்கும், மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் மூன்று வருடப் பட்டத்தை ஆறு வருடம் வரை நிதானமாக முடிக்கலாம், அசைன்மென்ட் எனும் ஒப்படைப்புகளைக் கையால் எழுதியே கொடுக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட தொலைநிலைப் பட்டம் கல்லூரிக்குப் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக்குழு 2022 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. எதில் சேர்ந்தாலும் மானியக்குழுவின் தொலைநிலைக் கல்விப் பட்டியலில் அந்தப் படிப்பும் அந்த ஆண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்கே நேரடியாகப் பணம் கட்டுங்கள். நடுவில் ஒருவர் கைநீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பாதியில் விட்டுவிடுவாரோ என்று கேட்டீர்கள். விடலாம்தான். ஆனால் அதற்கு நீங்கள் நினைக்கிற காரணம் இருக்காது. மூளை ஓடும், கைதான் ஓடாது. வாரம் ஒரு பக்கம் நோட்டு எழுதுகிறவர் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதி இருபத்தைந்து வருடம் ஆகிறது. இன்றிலிருந்து தினம் அரை மணி நேரம், புத்தகத்தைப் பார்த்தே எழுதட்டும். பொங்கலுக்குள் ஒரு மணி நேரம், அப்புறம் ஒன்றரை என்று கூட்டுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் காப்பி கேட்கக் கூடாது, அத்தை உட்பட.

பத்தாவது சான்றிதழை இப்போதே எடுத்துப் பாருங்கள். அதில் அம்மாவின் அப்பா இனிஷியல் இருக்கும், ஆதாரில் உங்கள் அப்பா பெயர் இருக்கும். தேர்வுக்குச் சான்றிதழில் உள்ள பெயர்தான் ஓடும். ஆதாரோடு எங்கே இடிக்கிறது என்பதைச் சேவை மையத்தில் முதல் நாளே காட்டிவிடுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.

கடைசியாக வீடியோவில் வந்து குழு நோட்டைக் காட்டினார். பெருமையாகத்தான் காட்டினார், ஆனால் படித்துக் காட்டச் சொன்னபோது நோட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டார். வெள்ளெழுத்து தம்பி. இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போங்கள்.