டம்ளர், கப், கிராம்: அளவு மாற்றக் கேள்விகள்

முத்தியால்பேட்டை: அக்கா, 350 கிராம் மைதான்னு குறிப்புல இருக்கு. எத்தனை கப்?

240 மில்லி கப்பா இருந்தா மைதா 125 கிராம் பிடிக்கும். 350-ஐ 125-ஆல வகுத்தா 2.8. அதாவது இரண்டே முக்கால் கப், மேல முக்கால் டேபிள்ஸ்பூன். ஆனா கரண்டியால தளர்வா அள்ளிப் போட்டு, கத்தி முதுகால வழிச்சாத்தான் இந்த 125. கப்பையே டப்பாவுக்குள்ள விட்டு மொண்டா மாவு அமுங்கி 145, 150 வரைக்கும் ஏறும். மொத்தத்துல 60 கிராம் அதிகமாகி, கேக் வறண்டு உச்சியில வெடிக்கும். பழி என்னவோ ஓவன் மேல!

லாஸ்பேட்டை: அளவு கப்பே கிடையாது. எவர்சில்வர் டம்ளர்தான்.

பாண்லே அரை லிட்டர் பால் பாக்கெட்டைப் பிரிச்சு, டம்ளர் விளிம்பு வரைக்கும் ஊத்தி எண்ணுங்க. ரெண்டு டம்ளர் நிரம்பி ஒரு வாய் மிஞ்சினா அது 240 மில்லி டம்ளர். சரியா ரெண்டரை வந்தா 200 மில்லி. அப்போ நான் சொல்ற கப் எடை எல்லாத்திலும் ஆறுல அஞ்சு பங்குதான் உங்க டம்ளர்ல நிக்கும்: சர்க்கரை 200 இல்ல, 167.

நெல்லித்தோப்பு: பாரிஸ்ல இருக்கற சித்தி அனுப்பின கேக் குறிப்புல "ஒரு சாஷே (சின்ன பாக்கெட்) லெவ்யூர்"னு இருக்கு. ஈஸ்ட் தானே?

போட்டுடாதீங்க. பிரெஞ்சுல ஈஸ்டும் லெவ்யூர்தான், பேக்கிங் பவுடரும் லெவ்யூர்தான். கேக்குன்னா அது லெவ்யூர் ஷிமிக், பேக்கிங் பவுடர். அங்க ஒரு சாஷே வழக்கமா 11 கிராம். டீஸ்பூன் 4 லேர்ந்து 5 கிராம் பிடிக்கும், அதனால ரெண்டரை டீஸ்பூன் கிட்ட போடுங்க.

சித்தி அனுப்பினது தயிர் கேக்னா கிராம் கணக்கே வேணாம். 125 கிராம் தயிர்க் கிண்ணம்தான் அங்க அளவு: தயிர் ஒண்ணு, சர்க்கரை ரெண்டு, மைதா மூணு, எண்ணெய் அரை, முட்டை மூணு. கிண்ணத்துக்குப் பதிலா நம்ம அரை கப்.

மஞ்சக்குப்பம்: பாட்டி நோட்டுல ஊறுகாய்க்கு "மாங்காய் ஒரு வீசை, கல்லுப்பு ஒரு ஆழாக்கு"ன்னு இருக்கு. இப்போதைய கணக்குல எவ்வளவு?

வீசைன்னா 40 பலம், பலம் 35 கிராம், ஆக 1,400 கிராம். இதுல குழப்பம் இல்ல. ஆழாக்குதான் வம்பு. எட்டு ஆழாக்கு ஒரு படி, ஆனா படியே ஊருக்கு ஊர் மாறும். ஆழாக்கு 168 மில்லின்னு ஒரு கணக்கு உண்டு. பாட்டியோட ஆழாக்கு பரண்ல கிடந்தா எடுத்துத் தண்ணி ஊத்தி அளந்துடுங்க.

அதைவிடப் பெரிய ஆபத்து, அதே ஆழாக்கால தூள் உப்பு அளக்கறது. மரக்காணம் கல்லுப்புல பரலுக்குப் பரல் நடுவுல காத்து நிக்கும். தூள் உப்புல அந்த இடைவெளி அடைஞ்சு எடை ஏறும், ஊறுகாய் வாயில வைக்க முடியாம கரிக்கும். பயந்து ரொம்பக் குறைச்சா பூஞ்சை பிடிக்கும். கல்லோ தூளோ, உப்பை மட்டும் தராசுல போடுங்க: 1,400 கிராம் காய்க்கு 140 கிராமுக்குக் குறையக் கூடாது.

பண்ருட்டி: விவிக்கம் கேக்குக்கு (புதுச்சேரி கிறிஸ்துமஸ் ரவை கேக்) அரை கிலோ ரவை, முந்திரி, வெண்ணெய், பொடிச்ச சர்க்கரை. கப்புல சொல்லுங்க.

ரவை கப்புக்கு 170 கிராம். மூணு கப் அளந்து ஒரு டேபிள்ஸ்பூன் எடுத்துடுங்க. வெண்ணெய் கப்புக்கு 227 கிராம். முழு முந்திரி 130, 140. உடைச்சு அளந்தா இன்னும் கொஞ்சம் கூட நிக்கும். பொடிச்ச சர்க்கரை வெறும் 120தான். ஒரு கப் சர்க்கரையை அரைச்சா ஒண்ணே முக்கா கப் கிட்ட உப்பும். அதனால அரைக்கறதுக்கு முன்னாடி அளக்கணுமா, பின்னாடியான்னு குறிப்பைப் பாருங்க. மாத்தி அளந்தா இனிப்பு ஏறக்குறைய ரெட்டிக்கும், இல்ல பாதியாகும்.

பாகூர்: எண்ணெய் ஒரு கிலோன்னா ஒரு லிட்டரா?

இல்ல. லிட்டர் எண்ணெய் 910 கிராம்தான், கிலோவுக்கு 1,100 மில்லி வேணும். தேன் நேர் எதிர், ஒரு கப்பே 340 கிராம்.

திருப்பாதிரிப்புலியூர்: இட்லிக்கு நாலுக்கு ஒண்ணு, கிலோவுல போட்டாலும் சரியா?

சரிதான். இட்லி அரிசி, முழு உளுந்து ரெண்டுமே கப்புக்கு 200 கிராம் பக்கம், விகிதம் அசையாது.