கடற்காகமா, கடல்புறாவா, ஆலாவா?

கேள்வி: அரிச்சல்முனையில் வட்டமடிக்கும் வெள்ளைப் பறவையைச் சுற்றுலா வருபவர்கள் கடல்புறா என்கிறார்கள். பறவைப் புத்தகத்தில் கடற்காகம் என்று போட்டிருக்கிறது. ஆலா என்றும் சிலர் சொல்கிறார்கள். எது சரி? ‘சீகல்’ என்பதில் வரும் ‘கல்’லுக்கு என்ன பொருள்?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: புறாவுக்கும் இதற்கும் உறவு கிடையாது, வெள்ளை, சாம்பல் நிறத்தோடு சரி. காக்கையும் உறவில்லைதான். ஆனாலும் கடற்காகம் என்பதே பொருத்தம். கரைவலை ஏறும் இடத்தில் சிதறும் சூடை மீன், படகிலிருந்து வீசும் மீன்குடல், செத்த நண்டு என்று எதையும் விடாது.

‘கல்’ கெல்டிக் மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. வெல்ஷ் மொழியில் ‘குய்லான்’. அழுவதைக் குறிக்கும் வேர் என்பார்கள்; அதன் கத்தலைக் கேட்டவர்கள் மறுக்கமாட்டார்கள். லத்தீனில் ‘கடல் காகம்’ என்று பொருள்படும் ‘கோர்வஸ் மரினஸ்’ வேறு பறவை. அது தேய்ந்துதான் ‘கார்மோரன்ட்’ ஆனது. நமக்கு அது நீர்க்காகம். மொழிபெயர்ப்பவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான்.

ஆலா தனி இனம், ஆங்கிலத்தில் ‘டெர்ன்’. அலகைப் பாருங்கள்: கடற்காகத்துக்குத் தடித்து, நுனி லேசாக வளைந்திருக்கும்; ஆலாவுக்கு ஊசிபோல நேராக இருக்கும். ஆலாவின் வால் பெரும்பாலும் கவைபோலப் பிளந்திருக்கும். அலகைக் கீழே தாழ்த்திப் பறந்து, மீனைக் கண்டதும் தலைகுப்புறப் பாயும். கடற்காகம் தண்ணீரில் வாத்துபோல மிதக்கும். ஆலா அப்படி உட்காருவது அபூர்வம்.

கேள்வி: பழுப்புத்தலைக் கடற்காகம் என்கிறார்கள். தலை வெள்ளையாகத்தானே இருக்கிறது?
– வாசகர், மண்டபம்

பதில்: பழுப்புத் தலை இனப்பெருக்கக் காலத்து வேஷம். லடாக், திபெத் பக்கத்து உயரமான ஏரிகளில் கூடுகட்டும் பறவை இது. குளிர்காலத்துக்கு இங்கே வரும்போது, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டு மட்டுமே மிஞ்சியிருக்கும். மார்ச் வாக்கில் சிலவற்றுக்குத் தலை திட்டுத்திட்டாகக் கருக்கத் தொடங்கும். முழுக்க மாறுவதற்குள் பல கிளம்பிவிடும்.

ஆகவே தலையை நம்பாமல் இறக்கையைப் பாருங்கள். கறுத்த நுனியில் வெள்ளைப் பொட்டு இருந்து, கண்ணும் வெளிறியிருந்தால் வளர்ந்த பழுப்புத்தலைதான். முதல் வருடப் பறவைக்கு அந்தப் பொட்டு இருக்காது, கண்ணும் கறுப்பு, வால் நுனியில் கறுப்புப் பட்டை. கருந்தலைக் கடற்காகத்தோடு குழம்புவது இந்த இளசுகளால்தான். அப்போது இறக்கை நுனியில் கறுப்பு எவ்வளவு அகலம் என்று பாருங்கள்: பழுப்புத்தலைக்கு அகலம் அதிகம், கருந்தலைக்கு இறக்கையின் முன்விளிம்பில் நீண்ட வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும்.