மலைக்கு நாயை விடமாட்டார்கள், ஆற்றுக்கு விடுவார்கள்

கேள்வி: என் சொந்த ஊர் கோத்தகிரி. கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்து ஆறு வருடமாகிறது. இப்போது செங்காங்கில் இருக்கிறோம். மூன்று மாதத்துக்கு முன் காப்பகத்திலிருந்து சிங்கப்பூர் ஸ்பெஷல் என்று இங்கே சொல்லும் ஒரு கலப்பின நாட்டு நாயைத் தத்தெடுத்தோம். பெயர் மணி, மூன்று வயதுப் பெண். ஊரில் எங்கள் நாய் தேயிலைத் தோட்டத்துக்குள் தானாகப் போய்ச் சுற்றிவிட்டு வரும். இங்கே மணிக்கு எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி நாலு சுற்று, அவ்வளவுதான். பகலில் கூட்டிப்போனால் பாதி வழியில் உட்கார்ந்துகொள்கிறாள். மலைப்பாதை, ஆற்றோரம் என்று நாயோடு நடக்க இங்கே இடம் உண்டா? எங்களிடம் கார் இல்லை.

பதில்: பாதி வழியில் உட்கார்ந்துகொள்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். நாய்ப் பயிற்சியாளன் என்ற முறையில் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். "அடம் பிடிக்கிறது சார்" என்பார்கள். பெரும்பாலும் அடம் இல்லை, தரை சுடுகிறது. நாம் செருப்புப் போட்டிருப்பதால் தெரிவதில்லை. அடுத்த முறை கிளம்பும்போது புறங்கையை நடைபாதையில் வைத்து ஏழு வரை எண்ணிப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியவில்லை என்றால் மணியின் பாதத்தாலும் முடியாது.

இன்னொரு காரணம் காற்றில் இருக்கும் ஈரம். நாய்க்கு நம்மைப்போல உடம்பு முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளவேண்டும். நாக்கில் உள்ள ஈரம் காற்றில் உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். இந்த ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் எவ்வளவு இரைத்தாலும் பாதிப் பலன்தான். கோத்தகிரிக் குளிரில் மூன்று மணி நேரம் ஓடும் நாய் இங்கே நாற்பது நிமிடத்தில் களைத்துப்போவது இயல்பு. அதனால் எங்கே நடப்பது என்பதற்கு முன்னால் எப்போது நடப்பது, எந்தத் தரையில் நடப்பது என்று பாருங்கள். காட்சி அழகு நமக்குத்தான். நாய்க்கு வேண்டியது சுடாத தரையும், நின்று மோந்து பார்க்க நேரமும்.

சரி, மலைக்கு வருவோம். சிங்கப்பூரின் உச்சி புக்கிட் தீமா மலை, உயரம் 164 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் பிறந்து வளர்ந்த நீங்கள் இதை மேடு என்றுகூடச் சொல்லமாட்டீர்கள். அந்த மேட்டுக்கும் மணியைக் கூட்டிப்போக முடியாது. புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, சுங்கை பூலோ போன்ற இயற்கை வனப்பகுதிகளில் செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை, லீஷ், அதாவது பிடிகயிறு, போட்டிருந்தாலும் இல்லை. உள்ளே இருக்கும் காட்டு உயிர்களுக்கு நாயின் வாசனையே தொந்தரவு என்பதால் நான் இந்த விதியோடு சண்டை போடுவதில்லை. வனப்பகுதிகளை ஒட்டிய சின்னப் பூங்காக்களில் விதி இடத்துக்கு இடம் மாறும். நுழைவாயில் பலகையைப் படித்துவிட்டு உள்ளே போங்கள்.

மலைமேல் ஏற முடியாவிட்டாலும் மலையடிவாரத்தில் நடக்கலாம். மலேசிய ரயில் ஓடிய பழைய தடம்தான் இப்போது ரயில் காரிடார். 2011 ஜூலை 1ஆம் தேதி அந்த நிலம் சிங்கப்பூர் கைக்கு வந்தது. தண்டவாளத்தைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, வடக்கே உட்லண்ட்ஸிலிருந்து தெற்கே தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டர் பசுமைப் பாதையாக்கி வருகிறார்கள். லீஷ் போட்ட நாய்க்கு அனுமதி உண்டு. உங்களுக்கு நான் சொல்வது ஹில்வியூவிலிருந்து பழைய புக்கிட் தீமா ரயில் நிலையம் வரையிலான பகுதி. ஒரு பக்கம் புக்கிட் தீமா காடு கூடவே வரும். காலடியில் சரளையும் மண்ணும் புல்லும். சிமெண்டைப்போல இந்தத் தரை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. இருபுறமும் மரம் இருப்பதால் ஈரக்காட்டு மணம் வரும். அங்கே ஒரு முறை மூச்சை இழுத்துப் பாருங்கள், ஊர் ஞாபகம் வந்தாலும் வரும். நிலையம் 1932இல் கட்டியது, புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். பக்கத்தில் இரும்புப் பாலமும் உண்டு. மலாயா ரயிலில் எத்தனையோ தமிழர்கள் வேலை பார்த்த பாதை என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு முறையும் வரும். என் நாய் கருப்பனுக்கு அந்தக் கவலை இல்லை, அவனுக்குப் புல்தான் முக்கியம்.

அந்தப் பாதையில் பெரும்பகுதிக்கு விளக்கு கிடையாது. இருட்டில் போனால் டார்ச் வேண்டும். ஒருமுறை மழை விட்ட சாயங்காலம் டார்ச்சை மறந்துவிட்டுப் போனேன். கருப்பன் எதையோ நக்கினான். அடுத்த நிமிடம் வாயெல்லாம் நுரை, முன்னங்காலால் முகத்தைத் தேய்க்கிறான். பார்த்தால் தேரை. அதன் தோலில் இருக்கும் விஷம் நாக்கில் பட்டால் இப்படித்தான் ஆகும். அவன் தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, கடைவாயில் தண்ணீரை ஊற்றி முன்பக்கமாக வெளியே வழியவிட்டேன். தொண்டைக்குள் ஊற்றினால் விஷம்தான் உள்ளே போகும். பிறகு சட்டை நுனியை நனைத்து ஈறுகளைத் துடைத்தேன். அரைமணியில் சரியாகிவிட்டான். வாந்தி, நடுக்கம், தள்ளாட்டம் வந்திருந்தால் நேராகக் கால்நடை மருத்துவரிடம் ஓடியிருக்கவேண்டும். அன்றிலிருந்து கையில் தண்ணீர் இல்லாமல் நான் வாசலைத் தாண்டுவதில்லை.

புல்லில் உண்ணிகளும் உண்டு. உண்ணிக் காய்ச்சல் இங்கே நாய்களுக்குச் சாதாரணமாக வரும், உயிரையும் வாங்கும். மாதாந்திர உண்ணி மருந்தைத் தவறவிடாதீர்கள். வீடு திரும்பியதும் காது மடிப்பு, அக்குள், விரல் இடுக்கு மூன்றையும் தடவிப் பாருங்கள்.

ஆற்றோரம் என்றால் என் முதல் தேர்வு பீஷான்-அங் மோ கியோ பூங்கா. பத்து கிலோமீட்டர் ஓடும் காலாங் ஆறுதான் இந்த ஊரின் மிக நீளமான ஆறு. ஒரு காலத்தில் பூங்கா ஓரமாக 2.7 கிலோமீட்டருக்கு நேர்கோட்டு சிமெண்ட் கால்வாயாகக் கிடந்தது. பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து சிமெண்டை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளியும் ஆறாக்கி 2012இல் திறந்தன. கரை முழுக்கப் புல், செடி, பாறை. விடியற்காலையில் அங்கே நாயோடு போனால் அது ஒரு கல்லிடம் ஐந்து நிமிடம் நிற்கும். இழுக்காதீர்கள். நேற்று யார் யார் வந்தார்கள் என்று அது செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறது. நிதானமாக மோப்பம் பிடிப்பதும் நாயை நிம்மதியாகக் களைப்படைய வைக்கும். லீஷைக் கழற்றி ஓடவிட அதே பூங்காவில் வேலி போட்ட நாய் ஓடுதளம் இருக்கிறது. மணி வீட்டுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கூட்டமில்லாத நேரத்தில், வேலிக்கு வெளியே இருந்து பழக்கிவிட்டு அப்புறம் உள்ளே விடுங்கள்.

அங்கே கவனிக்கவேண்டியது நீர்நாய். பெயரில் நாய் இருக்கிறதே தவிர நெருங்கிய உறவு கிடையாது. குடும்பமாக வரும், குட்டி கூட இருந்தால் எதையும் எதிர்க்கும், கடியும் மோசமாக இருக்கும். கீச்சுக்கீச்சென்ற சத்தம் கேட்டால் லீஷைச் சுருக்கிக்கொண்டு வந்த வழியே திரும்புங்கள், போட்டோ எல்லாம் பிறகு. இன்னொன்று, மேல்பகுதியில் மழை பெய்தால் அந்த ஆறு வேகமாக ஏறும். கரையில் சிவப்பு அடையாளங்களும் எச்சரிக்கை ஒலியும் வைத்திருக்கிறார்கள். வானம் கறுத்தாலே மேட்டுக்கு வந்துவிடுங்கள், ஒலிக்குக் காத்திருக்கவேண்டாம்.

பீஷானிலிருந்து காலாங் நோக்கி ஆற்றோரப் பூங்கா இணைப்புப் பாதை போகிறது. வரைபடத்தில் ஆசையாக இருக்கும். நாயோடு நடக்க எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. சிமெண்ட் தரை, பெரிய சாலைகள் குறுக்கிடும், பகல் வெயிலைக் குடித்த கால்வாய்ச் சுவர் இரவு எட்டு மணிக்கும் அனல் வீசும்.

உங்கள் அன்றாட நடைக்குப் பீஷான் வேண்டியதில்லை. பக்கத்திலேயே பொங்கோல் நீர்வழி இருக்கிறது, 4.2 கிலோமீட்டர், 2011இல் திறந்தது. நிழல் குறைவு, அதனால் விடிகாலைக்கு மட்டும். சைக்கிள்காரர்கள் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை ஓட்டலாம் என்பதால் நீளும் வகை லீஷை வீட்டில் வைத்துவிட்டு, ஒன்றரை மீட்டர் சாதா லீஷும் ஹார்னஸும் (மார்புப் பட்டை) போடுங்கள். மணியைப் பாதையின் வெளிப்பக்கம் நடத்துங்கள். நீருக்குள் இறங்க விடாதீர்கள். தேங்கிய குட்டையையும் குடிக்க விடாதீர்கள், எலிச்சிறுநீர் வழியாக வரும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும். அதற்குத் தடுப்பூசி உண்டு, போட்டாயிற்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கால்வாய்க் குழாய் வாய்க்குள் மூக்கை நுழைக்கவும் விடாதீர்கள். மலை இல்லாத ஊரில் மலைப்பாம்புக்குக் குறைவில்லை, அது இருப்பது அங்கேதான்.

ஏறி இறங்கியே தீரவேண்டும் என்றால் ஃபேபர் மலைப் பக்கம் போகலாம். ஹென்டர்சன் வேவ்ஸ் பாலத்தில் மரப்பலகைத் தரை, பாதத்துக்குச் சுகம். அதைத் தாண்டி வரும் இரும்புக் கம்பி வலை நடைபாதையில் நகம் மாட்டும். அங்கே திரும்பிவிடுங்கள்.

கார் இல்லாததுதான் சிக்கல். எம்ஆர்டி மெட்ரோ ரயிலிலும் பேருந்திலும் வழிகாட்டி நாய் தவிர மற்ற நாய்க்கு இடமில்லை. கிராப்பெட் மாதிரி செல்லப்பிராணி வண்டிதான் வழி. போகவரப் பணம் கரையும், ஆகவே வாரம் ஒருமுறை பீஷான், மாதம் ஒருமுறை ரயில் காரிடார் போதும்.

கழிவுப் பையோடு ஒரு பாட்டில் தண்ணீரும் கொண்டுபோய், புளோக் தூணில் சிறுநீர் கழித்தால் ஊற்றிவிடுங்கள். மின்தூக்கியில் யாராவது இருந்தால் "அடுத்ததில் வருகிறோம்" என்று நில்லுங்கள். மலாய் அக்கம்பக்கத்தார் பலருக்கு நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவித் தூய்மைப்படுத்தவேண்டிய மதக் கடமை உண்டு. எங்கள் மாடியில் ஒரு மாக்சிக், அதாவது வயதான மலாய் அம்மா, இருக்கிறார். ஒரு வருடம் நான் இப்படி ஒதுங்கி நின்றதைப் பார்த்துவிட்டு, இப்போது அவரே தூரத்திலிருந்து கருப்பனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்.

மூச்சிரைப்பு நிற்காமல், ஈறு செக்கச்செவேலென்று ஆகி, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரை வயிறு, தொடை இடுக்கு எங்கும் ஊற்றி விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி விட்டுவிடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். அப்புறம் ஏர்கான் வண்டியில் மருத்துவமனைக்குப் போங்கள்.

இந்த ஞாயிறு ஆறேகால் மணிக்கு, இருட்டு இருக்கும்போதே பொங்கோல் நீர்வழிக்குப் போங்கள். சூரியன் ஏழு மணிக்குத்தான் வரும். இருபது நிமிடம் போய், மணி விரும்பிய இடத்திலெல்லாம் நின்று, ஏழேகாலுக்குள் வீடு திரும்பிவிடுங்கள். அப்போதும் பாதியில் உட்கார்ந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அது தரைச்சூடாக இருக்காது, அவள் மூட்டுகளைப் பார்க்கவேண்டும்.